வேறொரு கருவியில்

சரணத்தில் பாடகர் மூச்சை இழுத்துக்கொண்டு மேலே ஏறப் போகிற அந்த இடத்தில் பாட்டு நின்றுவிட்டது.

அவள் கையில் மெழுகுக் கத்தி இருந்தது. கத்தியின் நுனியில், யாரோ ஒரு பெரியவருக்குப் போக வேண்டிய முன்பல்.

“பாவி!” என்று கத்தினாள்.

பல்செட்டு செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மெழுகில் பற்களை வரிசையாக நட்டு, சின்ன விளக்கில் கத்தியைச் சூடுகாட்டி, ஈறை வழித்து வழித்து உருவாக்க வேண்டும். அதற்குக் கண்ணும் கையும் போதும். காது சும்மாதானே இருக்கிறது என்று அதைப் பாட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

பாட்டு என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். உலகத்துப் பாட்டெல்லாம் ஒரு கைபேசிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே பல் அச்சுக்கு ஜிப்சம் மாவு கலக்கும் அண்ணனை இழுத்து நிறுத்தி, அவர் காதில் இயர்போனைச் செருகிவிடுவாள். “பின்னாடி ஒரு வயலின் அழுவுது பாருங்கண்ணே, கேசட்ல இது கேட்கவே கேட்காது!” அவர் கையெல்லாம் மாவோடு தலையாட்டுவார். வயலின் கேட்டதா இல்லையா என்பது அவருக்கே வெளிச்சம்.

அதே வாயால்தான் அந்த ஆப்பைத் திட்டுவாள். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பட்டன்கள் குடி மாறும். நேற்றுவரை கணீரென்று ஓடிய பாட்டு இன்று சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிறதே என்று ஒரு நாள் தாலாட்டு போட்டாள். அன்றிலிருந்து அவளைத் தூங்கவைப்பதையே அந்த ஆப் பிழைப்பாக வைத்துக்கொண்டது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். நல்ல இடத்தில் பாட்டு அறுந்துபோவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கொஞ்ச நாளாகவே காலை வேலை சூடுபிடிக்கும் நேரத்தில் இது நடக்கிறது. திரையில் ஒரு வரி வரும்: ‘உங்கள் பாட்டு இப்போது வேறொரு கருவியில் ஓடுகிறது.’

அவள் பிடுங்கித் தன் காதுக்குக் கொண்டுவருவாள். கொஞ்சம் பொறுத்து அந்தப் பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள்.

“எவனோ என் பாஸ்வேர்டைத் திருடிட்டாண்ணே.”

“திருடன் நல்ல ரசிகன்மா. நீ விட்ட இடத்துலேருந்தே கேட்கிறான் பாரு,” என்றார் மாவு அண்ணன்.

இன்று அவள் விடுவதாக இல்லை. கத்தியைக் கீழே வைத்தாள். ஆப்காரர்களின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு, அண்ணனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள்.

எடுத்த பெண் குரல் தேனாக இருந்தது. எந்தப் பட்டனுக்குள் எந்தப் பட்டன் ஒளிந்திருக்கிறது என்று பொறுமையாகச் சொல்லி, அவளை அந்தப் பக்கத்துக்கே கூட்டிக்கொண்டு போனது.

“மேடம், உங்க கணக்குல ரெண்டு கருவி இருக்கு. ஒண்ணு உங்க போன். இன்னொண்ணுக்கு ‘ஹால் பொட்டி’ன்னு பேரு. அதை நீக்கிடட்டுமா? ஒரு நிமிஷ வேலைதான்.”

நீக்கச் சொல்லு, நீக்கச் சொல்லு என்று மாவுக் கையை ஆட்டினார் அண்ணன்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேண்டாங்க,” என்றாள். “அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

போனை வைத்ததும் அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

‘ஹால் பொட்டி’ என்று பேர் வைத்தவளே அவள்தான். சம்பாதிக்கத் தொடங்கிய புதிதில் வீட்டுக்கு வாங்கிப் போட்ட ஸ்பீக்கர் அது. அதன் தலையில் லேசாகத் தட்டினால் போதும். அவள் எங்கே இருந்து எந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் அது அங்கே ஓடத் தொடங்கிவிடும்.

மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டிலிருந்து கிளம்பியபோது, ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை.

இப்போது அந்த வீட்டில் அப்பா ஒருவர்தான்.

அவர் அவளோடு பேசுவதில்லை. அவள் போன் செய்தால் எடுப்பதுமில்லை.

முதல் தடவை தூசி துடைக்கும்போது தெரியாமல் கை பட்டிருக்கும். ஆனால் தினமும் தெரியாமல் கை படாது.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அங்கே ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடியும்வரை அதைத் தொடவில்லை. முடிந்ததும், இருப்பதிலேயே பெரிய ஆர்ப்பாட்டமான குத்துப் பாட்டாக ஒன்றைத் தேடி எடுத்தாள். தன் காதுக்குக் கொண்டுவரவில்லை. நேராக அப்பா வீட்டுக் கூடத்துக்கே அனுப்பிவைத்தாள்.

நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தாள். அவள் பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவள் கேட்ட எந்தப் பாட்டுக்கும் அப்பா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: ‘சத்தத்தைக் குறை.’

பாட்டு நிற்கவில்லை.

முதல் பல்லவி போயிற்று. அண்ணன் மாவுக் கிண்ணத்தை விட்டுவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

திரையின் அடியில் ஒலியளவைக் காட்டும் கோடு அசைந்தது. அவள் விரல் அதன் மேல் இல்லை. அங்கே, அந்தக் கூடத்தில், யாரோ குமிழைத் திருகுகிறார்கள்.

கோடு கொஞ்சம் ஏறியது. நின்றது.

பிறகு, இன்னும் கொஞ்சம் ஏறியது.