அப்பாவுக்குத் தெரியாத சுவிட்ச்

“மாதனூர்ல ஷூ கம்பெனி பஸ்ஸு என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போவுது பாய்! டர்போ போட்ட காரு, அறுபதுக்கு மேல நகர மாட்டேங்குது.”

ஆம்பூர் மெக்கானிக் நயீம் பாயின் முன்னால், பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட்டுகளைக் கடை பரப்பினான் நெல்வின். எல்லாம் இன்ஜின் கம்ப்யூட்டர்களின் படங்கள்.

“டர்போ தள்ளுற காத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் ஈடு குடுக்காது. புதுசு போட்டுடுங்க.”

“எது வேணும் தம்பி?”

“இதுதான். இதுல ரெண்டு செட்டிங் வெச்சுக்கலாம். எனக்கு ஃபுல் ஸ்பீடு. அப்பா சர்ச்சுக்கு எடுத்தா அறுபதைத் தாண்டக் கூடாது. மாத்திக்க சீட்டுக்கு அடியில ஒரு சுவிட்ச். அப்பாவுக்குத் தெரியவே கூடாது.”

நெல்வினின் அப்பா சாந்தகுமார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். வீட்டில் மின்விசிறியைக்கூட இரண்டுக்கு மேல் வைக்க விடமாட்டார்.

“பாவம், வயசானவரு. தெரியாம ஆக்சிலேட்டரை மிதிச்சிட்டா?” என்றான் நெல்வின்.

நயீம் பாய் தலையைச் சொறிந்தார். பிறகு கார் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். அங்கே ஒரு சுவிட்ச் இருந்தது.

“நீ கேக்குற அதே கம்ப்யூட்டர்தான். போன மாசமே போட்டாச்சு. உனக்குத் தெரியவே கூடாதுன்னாரு உங்கப்பா. சின்னப் பையன், தெரியாம மிதிச்சிட்டா இன்னா பண்றதுன்னு பயம் அவருக்கு.”

நெல்வின் குனிந்து சுவிட்சைத் தொட்டுப் பார்த்தான்.

“அப்ப வேலூர் சர்ச்சுக்கு, அம்பது கிலோமீட்டர், அப்பா...?”

“இருபத்திரண்டு நிமிஷம். மாதனூர்ல மாடு குறுக்க வந்துடுச்சாம். இல்லன்னா இருபதுதானாம்.”