குப்பிக் குளவி

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பூச்சியைக் கொல்லத் தெரியவில்லை. வளர்க்கிறார்கள்.

குப்பியில் அடைத்து, மூடி போட்டு, வேளாண்மை ஆபீசில் கூட்டம் கூட்டிக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவளும் கோயில் விபூதி மாதிரி மடியில் முடிந்துகொண்டு வருகிறாள்.

வாங்கி வந்தவள் காட்டுக்காரப் பெரியவரின் மருமகள். கேட்காமல் கொள்ளாமல் மரவள்ளிக் காட்டின் நடுவில் நின்று குப்பியைத் திறந்துவிட்டாள். எள்ளில் பாதிகூட இல்லாத குளவிகள். கொழுந்தில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிற மாவுப்பூச்சியை அவை தீர்த்துக்கட்டுமாம்.

அவர் மருந்து டேங்கை முதுகில் மாட்டினார்.

"மாமா, இன்னொரு பத்து நாள் பொறுங்க. அதுக இப்பத்தான் மாவுப்பூச்சிக்குள்ள முட்டை வெச்சிருக்குதுக. மருந்தடிச்சா மொதல்ல சாகறது அதுகதான்."

"பூச்சியக் கொல்லப் பூச்சியா? பாலுக்குப் பூனையக் காவல் வெய்யி, போ புள்ள."

பத்து நாளாம். கொழுந்தெல்லாம் சுருண்டு கொண்டை போட்டு நிற்கிறது. கிழங்கு போனால்கூடத் தொலையட்டும். இந்தத் தண்டை வெட்டித்தான் அடுத்த நடவு. தண்டு போனால் வீட்டில் விதையே இல்லை.

அடித்தார்.

சால் சாலாக. ஒரு செடி விடாமல்.

மறுநாள் வெயில் தாழப் பார்க்க வந்தார்.

மண்ணில் பொறிவண்டு கிடந்தது. சிலந்தி கிடந்தது. இறக்கையை விரித்தபடி ஒரு தும்பி. குளவியும் கிடக்கும், அவர் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.

செத்ததா, இல்லையா? மருந்தென்றால் இது மருந்து.

காட்டில் சத்தமே இல்லை.

கம்பியில் ஒரு கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்தது. கீழே பார்த்தது. இறங்காமலே போய்விட்டது.

ஒரு கொழுந்தை ஒடித்தார். வெள்ளை மாவு. விரலால் நீக்கினார்.

மாவுக்கு அடியில் கால்கள் அசைந்தன.

அடுத்த செடி.

அதிலும்.

மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்காகப் புற்றிலிருந்து புதிதாக எறும்புகள் தண்டில் ஏறிக்கொண்டிருந்தன. அவற்றை மறிக்க வழியில் ஒன்றும் இல்லை.

வரப்பில் மருமகள் நின்றாள். அவர் ஒடித்த கொழுந்தையே பார்த்தாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"வீரியம் பத்தல," என்றார். "கடைக்காரன் தண்ணியக் கலந்து குடுத்துட்டான்."

கடை மூடுவதற்குள் போயாக வேண்டும். பக்கத்துச் செங்கோடன் காட்டில் புகுந்து போனால் சீக்கிரம். அவனுடையதும் மரவள்ளிதான். இடுப்பளவு நின்றது. பூச்சி இன்னும் எட்டாத காடு. இலையெல்லாம் எண்ணெய் தடவினாற்போல் மின்னியது.

குளவியாம், முட்டையாம்.

முணுமுணுத்துக்கொண்டே செடிகளை விலக்கி நடந்தார். பாதி வழியில் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மடிப்பெல்லாம் அதே வெள்ளை மாவு ஒட்டியிருந்தது.

நடந்தபடியே, இந்தப் பக்கம் ஒரு உதறு, அந்தப் பக்கம் ஒரு உதறு.