கலப்படக்காரர்

உறையைக் கையில் வாங்கிவிட்டார். கிழிக்கத்தான் மனம் வரவில்லை.

நண்பகல். கூட்ட அறையில் பதினோரு பேர். எதிர் வரிசையில், ஜன்னலோரம், அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு ஃபைல். அவரைப் பார்க்காமல் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்தில் அவருக்குக் கலப்படக்காரர் என்று பெயர். பட்டப்பெயர்தான், ஆனால் பொருத்தமில்லை என்று சொல்லிவிட முடியாது. தொலைநோக்கி பக்கத்துக் கிரகத்தைப் பார்த்து அனுப்பும் தரவில், வருடத்துக்கு ஒரு முறை, யாருக்கும் தெரியாமல் ஒரு பொய்யைக் கலந்து வைப்பது அவர் வேலை. பார்க்கிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கிறார்களா, கனவு காண்கிறார்களா என்று தெரிய வேண்டுமே. எந்தத் தேதித் தரவில் கலந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, தலைவரின் இரும்பு அலமாரியில் வைத்துவிட வேண்டும். ஏதாவது குழு கண்டுபிடித்துவிட்டோம் என்று வந்து நின்றால்தான் அதைப் பிரிப்பார்கள்.

வீட்டிலேயே வாயைத் திறக்காத மனுஷன் வெளியில் எங்கே திறக்கப்போகிறார் என்று சொல்லித்தான் தலைவர் இந்த வேலையை அவர் தலையில் கட்டினார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் மனைவி.

அவள் பதினான்கு வருடமாக அந்தக் கிரகத்தின் மேகங்களைப் பார்க்கிறாள். பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிற பிழைப்பு என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வாள்.

மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பிரித்துக் கோடாக வரைவார்கள். ஒரு வாயு அங்கே இருந்தால், அதற்குரிய இடத்தில் கோட்டில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். அவள் தேடும் வாயு லேசில் உண்டாகிற ரகம் இல்லை. உயிருள்ள ஏதோ ஒன்று மூச்சு விட்டால் சேரும். வேறு வழி இருப்பதாக அங்கே யாருக்கும் தெரியாது.

பதினான்கு வருடமும் கோடு சமர்த்தாக நேராகவே போனது.

நாற்பது நாளுக்கு முன் அவளுடைய குழு எதையோ பிடித்துவிட்டது. என்ன, எந்த நாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. கலந்தவர் காதில் எதுவும் விழக்கூடாது என்பது விதி. ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எவ்வளவுதான் மறைக்க முடியும்? துணி உலர்த்தும்போது பாடினாள். பல் துலக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள்.



ஒவ்வொரு குழுவுக்கும் முறை வைத்துத்தான் கலப்பார். இந்த வருடம் மேகக் குழுவின் முறை. அவளுடைய வாயுவுக்கு உரிய அதே இடத்தில் ஒரு பள்ளம் வைத்திருந்தார். மூன்று நாள் உட்கார்ந்து செய்த பள்ளம். முடித்த அன்று அவருக்கே பெருமையாக இருந்தது.

முன்பு ஒரு தடவை இதே அறையில் உறையைப் பிரித்தபோது, வேறொரு குழுவில் இருந்தவர், தான் பிடித்தது கலப்படம் என்று தெரிந்ததும் எழுந்து கழிப்பறைக்குப் போய் ஒரு மணி நேரம் கதவைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டார். அவரிடம் இவர் இரண்டு வார்த்தை வருத்தம் சொன்னார், அதோடு முடிந்தது. இப்போது அப்படி முடியாது. மாலை ஒரே வண்டியில் வீட்டுக்குப் போக வேண்டும்.

அதையாவது சமாளிக்கலாம். போன வாரம் நடந்ததை என்ன செய்வது?

மகள் இருக்கும் ஊரில் ஒரு கல்லூரி மனைவியை வேலைக்கு அழைத்திருந்தது. ஒன்றும் கிடைக்காவிட்டால் வருட முடிவில் இங்கே மேகக் குழுவை மூடிவிடுவார்கள். அது ஊரறிந்த விஷயம். அதனால் போகிறதாகத்தான் இருந்தாள். போன வாரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வர இயலாது என்று கல்லூரிக்குப் பதில் அடித்தாள். அனுப்பும் முன் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அவர் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார். அவள் அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்தார்.

கலப்படக்காரர் உறையைக் கிழித்தார். தாளைப் பிரித்தார். அவர் மனைவியை நினைத்து இவ்வளவு பயந்தது மகள் பிறந்த அன்றைக்கு அப்புறம் இப்போதுதான். மேகத் தரவில் கலந்தது ஒன்று, ஐந்தாம் மாதம் ஒன்பதாம் தேதி என்று ஒரே மூச்சில் படித்தார்.

படித்து முடித்த பிறகும் தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை. யாராவது அழுவார்கள் என்று காத்திருந்தார். யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம்தான் கேட்டது.

நிமிர்ந்தபோது, மனைவி ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவித் தலைவர் முன்னால் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் தேதிக் கோடு. ஓரத்தில் அவள் கையெழுத்தில் ‘சந்தேகம், தள்ளிவிட்டோம்’ என்று இருந்தது. கீழே குழுவினர் எல்லோருடைய கையெழுத்தும், இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியும்.

“இதை அப்பவே கழிச்சுட்டோம். பள்ளத்தோட ரெண்டு கரையும் அச்சடிச்ச மாதிரி ஒரே அளவு, தானா வர்றது எங்கேயாவது இவ்வளவு ஒழுங்கா வருமா? பார்த்ததுமே உங்க கைன்னு தெரிஞ்சுபோச்சு.”

அவரைப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள்.

“நாங்க சொல்றது இருபத்தி மூணாம் தேதி, சார். அது கொஞ்சம் கோணலாத்தான் இருக்கு.”

 தலைவர் கையை நீட்டி உறையை வாங்கினார். உள்ளே இரண்டு விரலை விட்டுத் துழாவினார். பிறகு அதைத் தலைகீழாகப் பிடித்து மேசைமேல் தட்டினார், இன்னொரு தடவையும் தட்டினார்.

எதுவும் விழவில்லை.