ஆயுள் உத்தரவாதம்

"வெக்கமில்லையே உங்களுக்கு? அந்தப் பேப்பரை மடிச்சு வையுங்கோ!"

சந்திரவதனா தலையிலடித்துக்கொண்டாள். கணவர் தில்லையம்பலம் கேட்டால்தானே! குடையும் கையுமாக ஹுஸ்னியின் ஹாட்வெயார் கடைக்குப் புறப்பட்டுவிட்டார்.

வினை அலுமாரியில் இருந்தது. கூரை ஒழுகி அது நனைந்ததும், தட்டில் விரித்திருந்த நாற்பது வருஷத்துப் பழைய பேப்பரை மனுஷர் உருவினார். அதில் ஒரு விளம்பரம்.

'மீராசாஹிப் அன் சன்ஸ், மாத்தளை. நாங்கள் போட்ட கூரை ஒரு சொட்டு ஒழுகினாலும் ஆயுள் முழுவதும் இலவசமாகத் திருத்தித் தருவோம்.'

"இது மீராசாஹிப் போட்ட கூரை எண்டு வீட்டை வித்தவன் சொன்னவன். அவர் ஹுஸ்னியின்ர தகப்பன்தானே!" என்று துள்ளினார்.

யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோக மாற்றலில் வந்து அலுவிகாரையில் வீடு வாங்கியவர். ஊரின் பழைய கதை அவருக்கு எங்கே தெரியும்?

போன மாசம்தான் அதே ஹுஸ்னி, "சேர், கூரையத் திருத்த மேசன் பாஸை அனுப்புறேன், காசு ஆறுதலாத் தாங்க" என்று வலிய வந்து கேட்டான். "நான் ஒருத்தருக்கும் கடமைப்படமாட்டன்" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். பென்ஷனில் பாதி மருந்துக்கே போகிறது. வீறாப்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

கடையில் சனம் பார்க்க மேசையில் தட்டினார்.

"தகப்பன் குடுத்த வாக்கு! மகன் காப்பாத்த வேணும்!"

ஹுஸ்னி பேப்பரை வாசித்தான். தலையைச் சொறிந்தான்.

"வாப்பாட வாக்குன்னா செஞ்சுதானே ஆகணும், சேர்."

அடுத்த நாளே முத்தலிப் பாஸ் புது ஓடுகளோடு கூரையேறினார். கீழே நின்று தில்லையம்பலம் அதிகாரம் பண்ணினார். "அந்த மூலையையும் பாரும்! உரிமையைக் கேட்டுத்தான் வாங்க வேணும், தெரியுமே?"

சந்திரவதனாவுக்கு மானம் போயிற்று. ஒரு தட்டில் பயத்தம் பணியாரத்தை எடுத்துக்கொண்டு ஹுஸ்னியின் உம்மா றாபியாவிடம் ஓடினாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கட மனுசன் எந்தக் காலத்திலயோ போட்ட கூரைக்கு இப்ப வந்து..."

றாபியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எங்கட மனுசனா? ஏணியில ஏறினாலே அவருக்குத் தல சுத்தும்! மௌத்தாகும் வரைக்கும் மிளகு யாவாரம்தான். பேரு மட்டும்தான் ஒண்ணு, அந்த விளம்பரத்து மீராசாஹிப் வேற ஆளு. எப்பவோ கடைய மூடிட்டு ஊர விட்டே போயிட்டாரு."

"அப்ப ஹுஸ்னி ஏன்...?"

"சும்மா செஞ்சு தாறோம்னா சேர் ஏத்துக்குவாரா? சண்ட புடிச்சாவது வாங்கிட்டாரேன்னு புள்ளைக்கு ஒரே சந்தோசம்."

பணியாரத்தை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"தங்கச்சி, அந்தப் பேப்பர்ல சுவர் வேலைக்கும் விளம்பரம் ஏதாச்சும் இருக்கான்னு பாருங்க. ஒங்கட பின்சுவரும் வெடிச்சுக் கெடக்காமே!"