வால்டரின் துவக்கு

"இன்னும் ஒரு கிழமை செல்லும் எண்டு சொல்லும்."

தில்லையம்பலம் உளியைத் துடைத்தபடி சொன்னார். கமலாம்பிகை பல்லைக் கடித்துக்கொண்டு அதை இங்கிலீசில் சொன்னாள். ஊரில் பதினாறு வருசம் இங்கிலீசு படிப்பித்த வாய். கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து புருசனின் சாட்டுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது.

எதிரே வால்டர். மூன்று வீடு தள்ளி இருக்கிற வெள்ளைக்காரக் கிழவர். தலையை ஆட்டிவிட்டு, கராஜுக்குள் கிடந்த கதிரையில் வழக்கம்போல உட்கார்ந்தார். இது ஆறாவது சனிக்கிழமை.

அவர் திருத்தக் கொடுத்திருந்தது, தகப்பன் முதலாம் உலகப் போருக்குக் கொண்டுபோய்ச் சுட்ட துவக்கு. சுடுகிற பாகத்தைக் கழற்றி வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் கொண்டுவந்திருந்தார். இரும்பைத் தாங்குகிற பழைய மரக்கட்டை உளுத்துப்போனதால், அதே அச்சில் புதுக்கட்டை ஒன்றை அமெரிக்காவிலிருந்து தபாலில் எடுப்பித்திருந்தார்.

அப்படி வருகிற கட்டை நேரே பொருந்தாது. இரும்பில் கரி பூசி, மரத்தில் வைத்து அமத்த வேண்டும். எடுத்துப் பார்த்தால், முட்டுகிற இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அதை மட்டும் ஒரு மயிரளவு சீவ வேண்டும். திரும்பக் கரி, திரும்ப அமத்தல்.

கரி எங்கேயிருந்து? சாமி விளக்கிலிருந்துதான்.

"கடவுளுக்கு ஏத்தின விளக்கின்ர கரியைத் துவக்குக்குப் பூசுறியளே. உங்களுக்கு நரகத்திலயும் இடம் தரமாட்டாங்கள்" என்று முதல் கிழமையே ஏசியிருந்தாள் கமலாம்பிகை.

"நல்லதாப் போச்சு. இஞ்சயே இருப்பம்."

ஆனால் வேலையை இழுக்கிற மனுசன் இல்லை தில்லையம்பலம். மிசிசாகாவில் ஒரு வீட்டின் குசினி அலுமாரி முழுவதையும் நாலே நாளில் செய்து பூட்டிக் கொடுத்த தச்சர்.

அடுத்த வெள்ளிக்கிழமை சவர்க்காரத் தூள் எடுக்கக் கராஜுக்குள் போனவள், துவக்கை மூடியிருந்த துணியை விலக்கினாள்.

இரும்பும் மரமும் சேருகிற இடத்தையே காணவில்லை. பிளாசாக் கடை ரசீதை இடுக்கில் விட்டுப் பார்த்தாள். போகவில்லை. தலைமயிர் ஒன்றைப் பிடுங்கி விட்டுப் பார்த்தாள். அதுவும் போகவில்லை. மரத்துக்குள்ளிருந்து இரும்பு முளைத்து வந்தமாதிரி இருந்தது. இருபத்திரண்டு வருசமாகப் பக்கத்தில் இருந்து சோறு குழைத்துச் சாப்பிடுகிற கையா இதைச் செய்தது? வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கோபம் பிறகுதான் வந்தது. புருசனைக் கராஜுக்குள் கூப்பிட்டாள்.

"உது எப்ப முடிஞ்சது?"

தில்லையம்பலம் நிலத்தைப் பார்த்தார். "மூண்டாம் கிழமை."

"அப்ப மூண்டு சனிக்கிழமையா அந்த மனுசனுக்கு என்ர வாயால பொய் சொல்ல வைச்சிருக்கிறியள்."

"மெல்லக் கதையும். அவற்ற மனுசி செத்து இன்னும் ஒரு வருசம் ஆகேல்லை. பிள்ளையள் தூர வன்கூவரில. துவக்கைக் குடுத்திட்டா, சனிக்கிழமையில அவர் எங்க போவார்?"

கமலாம்பிகை துணியை இழுத்துத் துவக்கை மூடினாள்.

"எண்டாலும் அது அவற்ற தேப்பன்ர சாமான். நாளைக்கு உள்ளதைச் சொல்லப்போறன். பிறகு அவர் இந்த வாசலை மிதிக்காட்டி அது எங்கட பிழை."

 அன்றிரவு தில்லையம்பலம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

மறுநாள் வால்டர் வந்தார். தில்லையம்பலம் தேத்தண்ணி எடுக்கிற சாட்டில் உள்ளே போய்விட்டார். கமலாம்பிகை கையைப் பிசைந்துகொண்டு, இங்கிலீசில் மெதுவாகத் தொடங்கினாள்.

"மன்னிக்க வேண்டும், வால்டர். உங்கள் துவக்கு முடிந்து கனநாள்."

வால்டர் குசினிப் பக்கம் ஒருதரம் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும். ஒருநாள் அவர் உள்ளே போனபோது துணியைத் தூக்கிப் பார்த்தேன். அப்படி ஒரு வேலையை என் ஆயுளில் கண்டதில்லை. கொஞ்ச நேரம் தொடவே மனம் வரவில்லை."

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"எப்படிக் கேட்பது? ஊரையும் சனத்தையும் விட்டு வந்த மனிதர். நானும் வராமல் விட்டால், பாவம், உங்கள் வீட்டுக்காரருக்கு வேறு யார் இருக்கிறார்கள்?"