திரும்பிப் பார்க்காமல்

அலை தள்ளி யாரும் விழுவதில்லை. அது திரும்பிப் போகும்போதுதான் விழுகிறார்கள்.

மாமல்லபுரத்துக் கடலில் கணுக்கால் நனைய நின்றுகொண்டு தேவராஜன் இதைத் தன் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். போகிற தண்ணீர் குதிகாலுக்கு அடியில் இருக்கிற மணலை அரித்துக்கொண்டு போகும். அங்கே குழி விழும். கடலைப் பார்த்து நேராக நிற்கிறவன் மல்லாந்து சாய்வான். பக்கவாட்டில் திரும்பி, காலை அகட்டி வைத்தால் அலை ஒன்றும் செய்யாது.

ஆறு வயது அம்முலு அப்படியே நின்று காட்டினாள். நாலு வயது வேதகிரி இரண்டு தடவை விழுந்து, விழுவதுதான் விளையாட்டு என்று முடிவுகட்டிக்கொண்டான்.

கடலே பார்த்திராத மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று லீலாவதி மணலில் உட்கார்ந்தபடி கேட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார் என்றான்.

உத்திரமேரூரிலிருந்து வந்த இரண்டு பஸ்ஸிலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள்தான்.

அது எண்பதாம் வருஷத்துச் சித்திரை. தறியில் மூன்று சேலைக்கு ஒரு பாவு. மூன்றாவது சேலையை அறுத்த பிறகு, பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க ஆள் வருவார். அந்த இரண்டு நாள்தான் நெசவுக்காரனுக்கு லீவு. பிள்ளைகள் கடல் பார்க்க ஒரு வருஷமாகக் காத்திருந்தார்கள்.

லீலாவதி காத்திருந்தது வேறு ஒன்றுக்கு.

அவளுடைய நைனா கிருஷ்ணசாமி நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போனவர். இந்தக் கடற்கரைச் சங்குக் கடைகளில் அவரைப் பார்த்ததாக யாரோ சொல்ல, ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய புரட்டாசியில் தேவராஜன் தேடப் போனான். மூன்று நாள் கழித்து வந்தான். செங்கல்பட்டிலேயே விசாரித்துவிட்டேன், அது வேறு ஆள், கடல் வரைக்கும் போகவில்லை என்றான்.

இந்தத் தடவை அவளே தேட வந்திருக்கிறாள். பையில் நைனாவுக்கு ஒரு வேட்டி. அவளுடைய அம்மா சிட்டம்மாள் காலையில் தலை நிறையப் பூவும் நெற்றியில் பெரிய பொட்டுமாக பஸ் ஸ்டாண்டு வரை வந்து கொடுத்தது.

தேவராஜன் தென்னேரி ஏரிக்கே போகலாம் என்றுதான் சொல்லிப் பார்த்தான். அதுவும் கடல் மாதிரிதான் கீது என்றான். பிள்ளைகள் கூட நம்பவில்லை.

முதுகைக் காட்டினால் அலை என்ன செய்யும் என்று இப்போது வேதகிரி கேட்டான்.

தேவராஜன் சிரித்துக்கொண்டே கரையைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கமாகவே கடலுக்குள் இறங்கினான். முழங்கால். இடுப்பு. மூன்று அலைகளை முதுகில் வாங்கினான். சிரிப்பு எந்த அலையில் போனதென்று தெரியவில்லை. ஒரு முங்கு முங்கி எழுந்து கரைக்கு நடந்தான்.

"அப்பா, பின்னால பாரு, பெருசா வருது," என்று அம்முலு கத்தினாள்.

அவன் பார்க்கவில்லை. பிள்ளைகளைத் தாண்டி, லீலாவதியையும் தாண்டி, காய்ந்த மணலுக்குப் போய்த்தான் நின்றான்.

அந்த நடை லீலாவதிக்குத் தெரியும். சின்ன வயதில் செய்யாற்றங்கரையில் தூர நின்று பார்த்திருக்கிறாள். அஸ்திக் கலயம் கொண்டுபோகிறவர் ஆற்றுக்கு முதுகு காட்டித்தான் இறங்குவார். கலயத்தைப் பின்னால் விடுவார். ஒரு முங்கு. பிறகு திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். பார்த்தால் போனவரும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவார் என்பார்கள்.

தேவராஜனுடைய அப்பா, அம்மா இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

அந்தப் புரட்டாசியில் அவன் தலையும் மீசையும் மழித்து வந்தான். திருத்தணிக்கு வேண்டுதல் என்றான். அடுத்து வந்த தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை, புதுத்துணி எடுக்கவில்லை. நூல் விலை ஏறிவிட்டது என்றான். இரண்டையும் அவள் நம்பினாள்.

எழுந்து அவனிடம் போனாள்.

"எங்க நைனாவ இங்கியா வுட்ட?"

அன்றுவரை அவனை அவள் ஒருமையில் பேசியதில்லை.

அவன் வேட்டியின் ஈரத்தைப் பிழிந்தான். பிழிய ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் பிழிந்துகொண்டிருந்தான்.

"அத்தை நெத்திய அழிக்கச் சொல்லி நான் எப்டி வந்து சொல்றது, லீலா?"

அவள் அழவில்லை. அழ வேண்டிய நாள் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள். அந்த நாளில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யோசித்துப் பார்த்தாள். தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்திருப்பாள்.

தினமும் ராத்திரி ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள், நைனா வந்தால் பசியோடு வருவாரே என்று. மறுநாள் காலையில் அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுக் கரைத்துக் குடித்துவிட்டுத் தறிக்குப் போனது தேவராஜன்தான். ஒரு நாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

சங்குக் கடைகள் பக்கம் அவள் போகவில்லை.

பஸ் ஏறுகிற இடத்தில் பூக்காரி நின்றிருந்தாள். வெளியூர் போனால் மாமியாருக்குப் பூ வாங்காமல் அவன் திரும்பியதில்லை. தெருவில் அவனுக்கு அதற்காகவே நல்ல பெயர். இரண்டு முழம் கேட்டான். பூக்காரி முழங்கையிலிருந்து விரல் நுனி வரை இரண்டு தடவை அளந்து, இலையில் சுற்றிக் கொடுத்தாள்.

அதை வாங்கி லீலாவதியிடம் நீட்டினான். முகத்தைப் பார்க்கவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

டிரைவர் ஹாரன் அடித்தார். பிள்ளைகள் ஏற்கெனவே ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அம்மா காத்திருப்பாள்.

லீலாவதி பூவை வாங்கினாள். பையைத் திறந்து, நைனாவின் வேட்டிக்கு மேல், நசுங்காமல் வைத்தாள்.