அது வேற லீக்

அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். இனி காகிதத்தைத் திரும்ப வாங்க முடியாது.

கடைசிக் கேள்வி.

திரையில் அது இன்னும் நின்றுகொண்டிருந்தது. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில், வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடம் யாருக்கு?

அரங்கில் பாதிப் பேர் பேஸ்பால் மட்டையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் பதில் தெரியும். க்விஸ் ஆடுகிறவர்களுக்கு இதெல்லாம் பால பாடம். டை காப். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

கேள்வி கேட்கும் டைட்டஸ் சாரின் வழக்கம் அப்படி. பழைய கேள்விகளைத் தூசி தட்டிக் கொண்டுவருவார். அரைத்த மாவுதான். ஆனாலும் சுவையாக அரைப்பார்.

கேள்வி முறைப்படி முதல் மேஜைக்குப் போயிருந்தது. அங்கே மூன்று ஆண்கள். அவளைவிட ஐந்து புள்ளி முன்னால். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மற்ற மேஜைகள் துணிந்தால் எழுதிக் கொடுக்கலாம். சரியென்றால் பத்து கூடும். தப்பென்றால் பத்து போகும். எல்லா மேஜைகளும் எழுதிக் கொடுத்திருந்தன.

அவள் மேஜையில் அவள் மட்டும்தான்.

டைட்டஸ் சார் அவள் காகிதத்தைப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பாவம் என்ற பார்வை.

அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கம்.

க்விஸ் கிளப்பில் மகளிர் பிரிவை எடுத்துவிட்டு எல்லோரையும் ஒரே போட்டியில் சேர்த்தபோது, கிளப்பை நடத்தும் டைட்டஸ் சாரிடம் அவள் போய்க் கேட்டாள். வாசல் கரும்பலகையில் உறுப்பினர்களின் வாழ்நாள் புள்ளிகள் இருக்கின்றனவே, மகளிர் பிரிவில் நான் இத்தனை வருடம் சேர்த்தவை எங்கே என்று.

"அது வேற லீக், மேடம்."

கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவுதான் அவளுக்கு எரிந்தது.

பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தாள். நாற்பத்தாறு வயதில்.

"டை காப்," என்றது முதல் மேஜை.

சரி என்றார் டைட்டஸ் சார். கைதட்டல். யாரோ விசில் அடித்தார்கள். முதல் மேஜைக்காரர் ஒருவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், போட்டோவுக்காக.

அவளும் எழுந்தாள்.

குரல் நடுங்கவில்லை.

"சார், பதில் மாறிடுச்சு. ஜாஷ் கிப்சன்."

கறுப்பின வீரர்களை மேஜர் லீக் சேர்த்துக்கொள்ளாத காலம். அவர்கள் தங்களுக்கென்று தனி லீக்குகள் வைத்து ஆடினார்கள். கிப்சன் அங்கே அடித்து நொறுக்கியவர். மேஜர் லீக்கின் கதவு திறப்பதற்குச் சில மாதம் முன்பு இறந்துபோனார். முப்பத்தைந்து வயது. 2024இல்தான் அந்த லீக்குகளின் கணக்கையும் மேஜர் லீக் தன் கணக்கோடு சேர்த்தது. புதிய கணக்கில் சராசரி, காப் .367. கிப்சன் .372.

அந்தச் செய்தியை அவள் மின்சார ரயிலில் படித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். எதிர் இருக்கை அம்மாள் முறைத்தார். செத்து எழுபத்தேழு வருடம் கழித்து ஒரு மனிதன் முதலிடத்துக்கு வருகிறான். சிரிக்காமல் என்ன செய்வது?

சிரிப்பை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நின்றபடியே சொன்னாள்.

டைட்டஸ் சார் தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் எப்படி மேடம் சேரும்? அது வேற லீக்..."

வாக்கியம் பாதியில் நின்றது. சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

"ஆமா சார். அவங்களும் ரொம்ப வருஷம் அப்படித்தான் சொன்னாங்க."

அவர் பையிலிருந்து போனை எடுத்தார். தட்டினார். படித்தார். நேரம் எடுத்துக்கொண்டு படித்தார். மைக்கை வாயருகே கொண்டுபோய், இறக்கி, மறுபடி தூக்கினார்.

"கேள்வி என்னோடது. தப்பும் என்னோடது. ஜாஷ் கிப்சன்."

முதல் மேஜைக்கு ஒன்றுமில்லை. டை காப் என்று எழுதிக் கொடுத்த மேஜைகளுக்கெல்லாம் பத்து போனது. அவளுக்கு மட்டும் ஏறியது.

கோப்பை அவளுக்கு.

அரங்கம் அதிர்ந்தது. அவள் ரயிலில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். இந்த முறை யாரும் முறைக்கவில்லை.

கோப்பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, கரும்பலகை முன்னால் டைட்டஸ் சார் நின்றிருந்தார். ஒரு கையில் சாக்பீஸ், ஒரு கையில் டஸ்டர். பலகையில் அவள் பெயர் அடியில், கடைசிக்குக் கொஞ்சம் மேலே.

"மகளிர்ல மொத்தம் எவ்வளவு எடுத்திருந்தீங்க மேடம்?"

சொன்னாள். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் மனசுக்குள் கூட்டினார். உதடு அசைந்தது. அடியிலிருந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே மேலே போனார். உச்சிக்குப் போன பார்வை அங்கேயே நின்றது.

உச்சியில் இருந்தது அவருடைய பெயர். கிளப் ஆரம்பித்த காலத்தில் ஆடிச் சேர்த்தது. யாரும் பக்கத்தில்கூட வந்ததில்லை.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். தன் பெயருக்கு மேலே சாக்பீஸ் எட்டுகிறதா என்று பார்த்தார்.

"ஆடுது. கொஞ்சம் புடிச்சுக்கோங்க மேடம்."

அவள் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.